கிணற்றுமேட்டுப் பாத்தி

இன்றைக்கு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் தள்ளுவண்டியில் சீனிக்கிழங்கு அவித்து வைத்திருந்தார்கள். ஆவி முகத்தில் அடித்ததும் நின்றுவிட்டேன். எந்த ஊர்க் கிழங்கு என்று கேட்டேன். "வெளியூரு லோடும்மா. நம்ம மானாவாரிக் காட்டுல சர்க்கரைவள்ளியெல்லாம் எங்க வெளையப் போகுது?" என்றார் வண்டிக்காரர். அவர்மேல் வந்த கோபம் பஸ் ஏறுவதற்குள் உங்கள்மேல் திரும்பிவிட்டது. கட்டிய புருஷனைச் செத்த பிறகும் திட்டுகிறாளே என்று யார் சொன்னாலும் சொல்லட்டும்.

எண்பதுகளில் மழை பொய்த்துக் கம்பும் சோளமும் கைவிட்டபோது, கிழங்காவது இருந்தால் பிள்ளைகள் பசியாறுமே என்று ஆரம்பித்தீர்கள். கொடியை வெட்டி நட்டால் தாயைப் போலவேதான் வரும், விதையில் முளைத்தால்தான் ஒவ்வொன்றும் ஒரு குணமாக வரும் என்று விதை பொறுக்கினீர்கள். முளைத்ததை எல்லாம் தண்ணீர் காட்டாமல் காயப் போட்டீர்கள். "சாகுறது சாகட்டும். பொழைக்கிறதுதான் நமக்கு வேணும்." வருஷா வருஷம் இதே பாடு. கடைசியில் ஒன்று பிழைத்தது. அதையே வெட்டி வெட்டி நட்டுக் கிணற்றுமேட்டில் ஒரு பாத்தியாக்கினீர்கள்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து உங்கள் கூட்டாளி வந்து கொடி கேட்டார். அது சும்மா மாட்டுக்குப் போட்ட கொடி என்று பொய் சொல்லி அனுப்பினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, ரெண்டு கொடி குடுத்தா குடியா முழுகிப்போகும்?"

"இன்னும் ஒரு கோடை தாங்கட்டும். நம்மள நம்பி கடலையப் போடாம இத நட்டு, அதுவும் காஞ்சுபோச்சுன்னா அவுக பிள்ளைக என்னத்தத் திங்கும்?"

நியாயமாகப் பேசியே என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

அடுத்த சித்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். காடெல்லாம் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்திருந்த என்னிடம் உங்கள் தம்பி ஒரு தட்டு நீட்டினார். அவித்த கிழங்கு. பசி மயக்கத்தில் வாயில் போட்டுக்கொண்டேன். ஏது தம்பி என்று பிறகுதான் கேட்டேன்.

"மாடு ரெண்டும் பட்டினியா கெடந்துச்சு மதினி. கெணத்து மேட்டுல மட்டுந்தான் பச்சை தெரிஞ்சது. அறுத்துப் போட்டேன். அடியில கெழங்கு இருந்துச்சு, அதையும் தோண்டி மொத்தத்தையும் அவிக்கக் குடுத்துட்டேன்."

எழுந்து ஓடினேன். வெறும் குழிகள்தான் கிடந்தன. அந்த நல்ல மனுஷனை நான் எப்படி வைவது? அது என்ன கொடி என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம் நீங்கள்.

அதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். முருங்கைக் கொப்பு கேட்டால் கையோடு ஒடித்துக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

பருக்கட்டும் பருக்கட்டும் என்று தோண்டாமலே விட்டிருந்தீர்கள், ஒரு துண்டுகூட நீங்கள் தின்று பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். நாரே இல்லை. மாவாக, நல்ல இனிப்பாக இருந்தது. துக்க வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் தின்றுவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டன. இல்லை என்று நான்தான் சொன்னேன்.