குச்சி குறைந்த பெட்டி

டிசம்பர் 2, செவ்வாய்

மழை மூட்டம். குச்சியில் மருந்து காயாததால் தீப்பெட்டி ஆபீஸில் மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். வந்து படுத்துக்கொண்டு ‘ஈரக் கரிசல்’ முழுவதையும் கேட்டேன். ஏழு பாட்டு. இந்த வருஷம் எத்தனையோ ஆல்பம் கேட்டாயிற்று, இதன் பக்கத்தில் எதுவும் நிற்காது. சோல் இசை என்று பேராம், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உருவாக்கியதாம். ஆபீஸில் பில் போடும் சத்யபிரியா அனுப்பினாள். கம்பெனி எதுவும் இல்லாமல் அவர்களாகவே வெளியிட்டது. பாடியவர் வேலுத்தாய் என்று மட்டும் இருக்கிறது, ஊர்கூட இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் குரல். எழுந்து பாத்திரம் தேய்க்க மனசே வரவில்லை.

டிசம்பர் 4

மூன்றாவது பாட்டில் தாளத்துக்கு என்னவோ குலுங்குகிறது. “வெளிநாட்டு வாத்தியம்க்கா” என்கிறாள் சத்யபிரியா. எனக்கா தெரியாது? ஒன்பது வருஷமாகப் பெட்டியைக் காதோரம் குலுக்கிப் பார்த்துக் கழிப்பதுதான் என் வேலை. நிறைந்த பெட்டி வாய் திறக்காது. பத்துக் குச்சி குறைந்தால்தான் இப்படிப் பேசும். தீப்பெட்டியை வைத்துத் தாளம் போட்டிருக்கிறார்கள்! சிரித்துவிட்டேன்.

பிறகு சிரிப்பு நின்றது. ஆகஸ்டில் வீட்டுக்காரர் என்னிடம் கழித்த பெட்டி கேட்டாரே, ஒரு பை நிறைய. “மணியாச்சில எங்க ரயில்வே கேங்குக்கு டீ போட வேணும்”னு சொன்னாரே. டீ போட இரண்டு பெட்டி போதாதா?

டிசம்பர் 5

ஐந்தாவது பாட்டில் வேலுத்தாய் குரலுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். நாலு தடவை கேட்டேன். இவர்தான். குளிக்கும்போதுகூட முணுமுணுக்காத மனுஷன்.

டிசம்பர் 8

இவர் குளிக்கப் போனதும் போனில் யார் யார் பேசியது என்று பார்த்தேன். வேலுத்தாய், வேலுத்தாய், வேலுத்தாய். ஞாயிறுதோறும் ஓவர்டைம் என்று போனது ரயில்வே வேலைக்கா, அவளிடமா? ஏட்டி செல்வி, பதினோரு வருஷமா என்னத்தப் பாத்துக் குடும்பம் நடத்துத? அந்தப் பாட்டு எனக்குப் பிடித்துத் தொலைத்ததுதான் இன்னும் ஆத்திரம்.

டிசம்பர் 10

சோறு போடும்போது ஐந்தாவது பாட்டை வைத்தேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

“புடிச்சிருக்கா?” என்றேன்.

“பரவால்ல. யாரு பாடுதா?”

யாரு பாடுதாளாம்! ரசத்தை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இவர் கிளம்பியபின் அடுத்த வண்டியில் மணியாச்சி போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் வேலுத்தாய் பேரைச் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் வழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தது ஐம்பது வயதுப் பெண், மூக்கு நுனியில் கண்ணாடி. கேட் கீப்பராம். உள்ளே அவர் வீட்டுக்காரர் கீபோர்டு முன்னால். பாட்டுப் பதியும்போது வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலெல்லாம் போர்வை தொங்கியது. மூலையில் இவர், கையில் தீப்பெட்டியோடு, களவு பிடிபட்ட மாதிரி.

“செல்வியா? வாங்கம்மா, பெட்டி குடுத்துவிட்ட மகராசி நீங்கதான? உங்களக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தன நாளாச் சொல்லுதேன் இவியகிட்ட” என்றார் வேலுத்தாய் அக்கா.

காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 15

ஏன் மறைத்தீர்கள் என்று இவரிடம் கேட்டேன்.

“கல்யாணமான புதுசுல கோயில் கொடை விழாவுல மைக் புடிச்சுப் பாடுனேம்லா. நீயும் ஒங்கக்காவும் வாயப் பொத்திட்டுச் சிரிச்சிய. அதுக்கப்புறம் இந்த வீட்ல வாய் வரல, செல்வி.”

எனக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

டிசம்பர் 19

அழுகையாக வருகிறது. பெட்டி குலுக்கக் கை ஓடவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இந்த வருஷம் எனக்கு இதுதான் ஆல்பம், நீங்கள் பாடியது தெரியும் முன்னாலேயே பிடித்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

“தெரிஞ்சப்புறம் சமாதானத்துக்குச் சொல்லுத” என்றார். நம்பவில்லை. சத்தியம் செய்தும் நம்பவில்லை.

இந்த நோட்டில் இரண்டாம் தேதி எழுதியதைப் பார்த்தால் நம்புவார். ஆனால் எடுத்தால் முழுவதும் படிப்பார். அவரைச் சந்தேகப்பட்டு எழுதிய எட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கிழிக்கவில்லை. காலையில் அவர் டிபன் பையில், சாப்பாட்டுத் தூக்குக்கு மேல் வைத்துவிடுவேன்.