வீட்டுக்கென்று ஓர் அறிக்கை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நீ நலம்தான். புதுச் சோபாவில் குடும்பத்தோடு உட்கார்ந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தாளில் எழுதுகிறாளே என்று யோசிக்காதே. என் போனை அம்மா பார்க்கிறாள், உன் போனை அண்ணி பார்ப்பார். அதனால்தான் உன் அலுவலக முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அப்பாவுக்கு மொத்தம் முப்பத்தைந்து முறை கதிர்வீச்சு என்று உனக்குத் தெரியும். இருபத்தொன்றோடு நிறுத்திவிட்டார். ஆறு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. நேற்றுத்தான் மறுபடி வந்தார். மீதி பதின்மூன்றுக்கும் வருவாரா என்பது இப்போது உன் வாயில் இருக்கிறது. அவர் ஏன் நிறுத்தினார் என்பதில் பாதி உன் வேலை, பாதி என் வேலை. என் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறேன். அப்பாவின் அடிநாக்கில், தொண்டையை ஒட்டி எடுத்த துண்டும் என் மேஜைக்குத்தான் வந்தது. பெயர் இருக்காது, எண்தான். அந்த எண் எனக்குத் தெரியும்.

பி16 என்று ஒரு புரதம். அது இருந்தால் சாயம் பட்ட இடம் பழுப்பாகும். இல்லையென்றால் எல்லாம் நீலமாகவே நிற்கும். தொண்டைப் பக்கம் வரும் புற்றில் பழுப்பு தெரிந்தால், பெரும்பாலும் அது எச்.பி.வி. என்ற வைரஸால் வந்தது. அந்த வகை கதிருக்கு நன்றாக அடங்கும். அப்படி நூறு பேர் வந்தால் ஐந்து வருடம் கழித்தும் எண்பது பேராவது இருப்பார்கள். நீலம் என்றால் பாதிப் பேர் மிஞ்சினாலே பெரிது. அப்பாவின் தகடு அடுப்பில் கருகிய சர்க்கரை மாதிரி அப்படியொரு பழுப்பு. லேபில் பக்கத்து மேஜைக்காரி, “என்னடி, லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கறே” என்றாள். அந்த மகிழ்ச்சியில் அறிக்கையைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். ‘பாசிட்டிவ், பிழைச்சுக்குவார்’ என்று எழுதினேன். நீயும் கட்டைவிரலைக் காட்டினாய்.

அதுதான் என் தப்பு. நாள் முழுக்கத் தகடு பார்க்கிறவளுக்குப் பழுப்பு ஒரு நல்ல நிறம், அவ்வளவுதான். அந்த வைரஸ் எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள் என்பது என் மூளையில் ஏறவேயில்லை.

உன் பெண்ணின் பள்ளியில் தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்டுத் தாள் வந்ததாம். நான் அனுப்பிய அறிக்கையில் இருந்த எச்.பி.வி. என்ற அதே மூன்று எழுத்தை அதிலும் பார்த்தாயாம். உடலுறவால் பரவும் என்று போட்டிருந்ததாம். எனக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். நீ அம்மாவுக்குச் செய்தாய். “அப்பாவுக்கு வெளியில ஏதாவது பழக்கம் இருந்துச்சாம்மா, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாய். சாதாரணமாகத்தான் கேட்டதாக அப்புறம் என்னிடம் சொன்னாய். முப்பத்து நான்கு வருடம் குடும்பம் நடத்தியவளிடம் இதைச் சாதாரணமாகக் கேட்க எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் டம்ளரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இருந்தது. தட்டிலும் இருந்தது. துண்டு தனிக் கொடியில் தொங்கியது. கஞ்சி கரைத்து, அறை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டு அம்மா போய்விட்டாள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தவள். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். எழுந்து போய் எடுத்துக் குடிப்பாரா?

நான் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். கல்யாணமான யாருக்கும் இந்த வைரஸ் எப்போதாவது வந்து போயிருக்கும், நிறைய பேருக்குத் தெரியாமலே போய்விடும், சிலருக்கு முப்பது வருடம் பதுங்கியிருந்து இப்படிக் கிளம்பும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “உங்கிட்டயிருந்துகூட வந்திருக்கலாம்மா” என்றும் சொல்லிவிட்டேன். கன்னத்தில் அறைந்தாள். “சிகரெட் குடிச்சு வந்திருந்தா பாவம்னு பாத்திருப்பேன். குடிச்சு வந்திருந்தாலும் பாத்திருப்பேன்” என்றாள்.

அண்ணா, இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சித்தி கர்ப்பப்பை வாய்ப் புற்றில் போனாளே, அதுவும் பெரும்பாலும் இதே வைரஸ் கொண்டுவருவதுதான். அப்போது யாராவது சித்தப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டோமா? சித்திக்குத்தான் சுத்தம் போதாது என்றார்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல நாக்கு வரை வந்தது. இன்னொரு அறை வாங்கத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரி மட்டும் என்ன ஒழுங்கு? முதல் நாள் பதிவு செய்கிற இடத்தில் ‘பழக்கம்’ என்று ஒரு கட்டம், புகையா குடியா என்று எழுத. அப்பா எதுவும் இல்லை என்றார். குமாஸ்தா மூன்று முறை கேட்டுவிட்டு, “பழக்கமே இல்லாதவரு இந்த வரிசைக்கு ஏன் சார் வந்தீங்க?” என்றார். பெரிய டாக்டருக்கு நம் அப்பாவுக்கென்று இருந்தது இரண்டு நிமிடம். அறிக்கையில் பி16 வரியைப் பார்த்து, “நல்ல மார்க்கர், கவலைப்படாதீங்க” என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அந்த மார்க்கரோடு எப்படி வீட்டுக்குப் போவது என்று சொல்ல அங்கே யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். முந்தின நாள் பேச்செல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதற்கு முன் அவர் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. கதிர் வைக்கும்போது முகத்தின்மேல் வலை மாதிரி முகமூடி மாட்டி மேஜையோடு பூட்டுவார்கள், கையில் அவசர பட்டன் கொடுப்பார்கள். “லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு இத்தனை வருஷமா நான் சொன்னதை இந்தப் பொண்ணு எனக்குச் சொல்லுது. பயப்படாதீங்க, பட்டனை அமுக்குங்கன்னு” என்று தன் லிஃப்ட் ரிப்பேர் வேலையை வைத்தே அந்தத் தொழில்நுட்பப் பெண்ணைச் சிரிக்க வைத்தவர். அதே மனிதர் டம்ளரிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு ஆறு நாள் எழவில்லை. நடுவில் விட்ட ஒவ்வொரு நாளும் கட்டிக்கு நாம் கொடுக்கும் தீனி. லேபில் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஐந்தாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். வாய்ப் புண்ணோடு பேசுவது கஷ்டம். லிஃப்ட் சர்வீஸ் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ‘உங்க லேப்தானே. அந்த ஒரு வரியை நெகடிவ்னு மாத்தி அடிச்சுக் குடு. நாளைக்கே வர்றேன்.’

அடித்துக் கொடுத்தேன். தெரிந்தால் என் வேலை போகும், வழக்கும் வரும். ஆஸ்பத்திரிக் கோப்பில் உண்மையான அறிக்கைதான் இருக்கிறது. பழுப்போ நீலமோ, அவருக்கு அதே முப்பத்தைந்துதான், அதனால் சிகிச்சை எதுவும் மாறாது. பொய்த் தாள் வீட்டுப் பீரோவுக்கு மட்டும். லேபில் வேறொருவரின் தகடோடு மாறிவிட்டது, தப்பு என் மேல்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். பி16 இல்லை, வைரஸ் இல்லை, ஆனால் இது மோசமான வகை, பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றேன். அம்மா தாளை வாங்கி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் நம்பினாளா, நம்பிவிடுவது என்று முடிவு செய்தாளா, எனக்குத் தெரியாது.

அப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார். வாழ்க்கையில் ஒரு சிகரெட் தொடாத மனிதர், இருபது வருடமாக லிஃப்ட் குழிக்குள் இறங்கித் திருட்டுத்தனமாகப் பிடித்ததாக, அந்தப் புண் வாயோடு ஒவ்வொரு சொல்லாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். “அப்ப எம் மூக்கு என்ன செத்தா கெடந்துச்சு?” என்று அம்மா கேட்டாள். “கிரீஸ் வாடையில தெரியல” என்றார். “இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா மனுஷா” என்று சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அரை மணி நேரத்தில் டம்ளரின் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டாள். நேற்று அவளே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். விட்ட நாளை ஈடுகட்ட இனிச் சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், “எம் பொண்ணு வேலை பாக்கற லட்சணம், ஒரு தகட்டை ஒழுங்கா வெக்கத் தெரியல” என்று சொல்லி வருகிறாள். சொல்லட்டும்.

அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அவர் வாயில் புண் ஆறியிருக்கிறதா என்று மட்டும் கேள். உன் பெண்ணுக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிடு. நீ சம்மதத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அண்ணி சொன்னார். அது நிஜமென்றால் நீ என்னோடு பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னைக் கூப்பிடுவாள். முதலில் வந்த அறிக்கை தப்பாம், அப்பா நம்மை விட்டுப் போய்விடுவார் போலிருக்கிறது என்று அழுவாள். உனக்கு உண்மை தெரியும். அவர் பிழைக்க நூற்றுக்கு எண்பது இருக்கிறது, விட்ட ஆறு நாள் அதில் எவ்வளவு தின்றதோ தெரியாது. அவள் அழும்போது உனக்கு மனசு கேட்காது. அப்படியெல்லாம் ஆகாதும்மா, நல்ல வகைதான், இருப்பார் என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதே. நல்ல வகை என்றால் மறுபடி அந்த வைரஸ்தான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவளுக்கு ஆறுதல் மட்டும் சொல்லிவிடாதே. மீதி பதின்மூன்றும் முடிகிறவரை, அவர் செத்துப்போவார் என்று அவள் நம்பட்டும். அதுவரை அவருக்குக் கஞ்சி ஊட்ட ஆள் இருக்கும்.

நீயும் உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் தங்கை