யூ ஹேவ் எ நைஸ் ஷர்ட்

அண்ணே,

போனில் இடமில்லை, எதையாவது அழித்தால்தான் ஆகும் என்று நேற்றிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தது. இன்று காலை கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும், பழைய குரல் பதிவுகளை அழிக்கலாம் என்று ஆரம்பித்தேன். விரல் தவறிப் பட்டுவிட்டது. பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி உங்கள் குரல்: "யூ ஹேவ் எ ஸ்டிஃப் நெக். யூ ஹேவ் கோல்ட் ஃபீட்." எதிரே இருந்த பெண் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் சுபாங் ஜெயா வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, நீங்கள் பாடம் படித்து எனக்கு அனுப்பியவை. ஒன்றையும் அழிக்கவில்லை. மகளின் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களை அழித்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் மசாஜ் செய்யும் அந்தக் கடைக்கு நான் கவுண்டர் வேலைக்கு வந்தபோது நீங்கள் அங்கே பழைய ஆள். தமிழர்கள் வந்து படுத்தால் உங்கள் வாய் மூடாது. "இடுப்புல வாயு புடிச்சிருக்குங்க, குப்புறப் படுத்துத் தூங்காதீங்க" என்று முழு ஜாதகத்தையும் சொல்லி அனுப்புவீர்கள். பக்கத்து ஹோட்டல்களிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்தால் மட்டும் "பெயின்? நோ பெயின்?" அதோடு சரி. "கை பேசுது, வாய்தான் பேச மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா" என்று கேட்டீர்கள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றுபோன என் இங்கிலீஷை நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான்.

"யூ ஹேவ்னு ஆரம்பிங்கண்ணே. அப்புறம் என்ன இருக்கோ அதச் சொல்லுங்க. முடிஞ்சிடுச்சு."

"எல்லாத்துக்கும் இதேவா?"

"எல்லாத்துக்கும்தான். காரு, வீடு, கழுத்து வலி, நீள முடி, நல்ல மனசு, எல்லாம் ஒண்ணுதான் லா."

"அப்ப வெள்ளைக்காரனுக்கு வியாதியும் சொத்துதான்" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள்.

எப்போதோ ஒருமுறை, சட்டைக் காலரில் சாம்பார் கறையோடு நாள் முழுக்க வேலை செய்திருக்கிறீர்கள். எத்தனையோ பேர் வந்து போனார்கள், முதலாளிகூட வந்து பேசிவிட்டுப் போனார், ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு குழந்தை பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்ததாம். அந்தக் கதையைச் சொல்லி என்னிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டீர்கள். தினமும் முதல் ஆள் வருவதற்கு முன்னால் கவுண்டர் முன் வந்து நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே கேட்பீர்கள்: "ஐ ஹேவ் வாட்?"

நான் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். யூ ஹேவ் பவுடர் ஆன் யுவர் இயர். யூ ஹேவ் ஒன் பட்டன் ஓப்பன். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே காதையும் துடைத்துக்கொள்வீர்கள், பட்டனையும் போட்டுக்கொள்வீர்கள். "நல்லதா மட்டும் சொல்லிடாதீங்கம்மா. கண்ணு இருக்கிறவங்க பாத்துட்டுச் சும்மா இருந்துடறாங்க" என்று முதல் நாளே எச்சரித்தீர்கள். நானா அப்படி, என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்புறம்தான் அந்தப் பெட்டாலிங் ஜெயா மேனேஜர் விஷயம். அவர் கழுத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் உங்கள் விரல் நின்றுவிட்டது. "சார், யூ ஹேவ் எ ஸ்மால் லம்ப். ப்ளீஸ் சீ டாக்டர்" என்றீர்கள். சின்னக் கட்டி இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்பதை ஒரு தப்பும் இல்லாமல் சொன்னீர்கள். அந்த மனிதரோ, ஓய்வெடுக்க வந்த இடத்தில் வியாதி சொல்கிறான், இவன் என்ன டாக்டரா என்று கவுண்டரில் வந்து சத்தம் போட்டார். முதலாளி உங்களை எல்லார் முன்னாலும் திட்டினார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

"சதை இறுகியிருக்குன்னு சொல்றதோட நிறுத்திக்குங்கண்ணே. வியாதியெல்லாம் நமக்கு எதுக்கு?"

"கைக்குத் தெரிஞ்சிடுச்சேம்மா. தெரிஞ்சிட்டுச் சும்மா எப்படி இருக்கிறது?"

"இருந்துதான் ஆகணும்" என்றேன். அந்த மேனேஜர் அதற்குப் பிறகு வரவில்லை. டாக்டரைப் பார்த்தாரா என்பதும் தெரியவில்லை.

போன வருஷம் தீபாவளி கழிந்த திங்கட்கிழமை. புது நீலச் சட்டை போட்டு வந்திருந்தீர்கள். கண்ணாடியைக் கழற்றினீர்கள். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். கவுண்டர் விளக்கைப் போட்டும் பார்த்தேன், அணைத்தும் பார்த்தேன். மஞ்சள்தான்.

"ஐ ஹேவ் வாட்?"

"யூ ஹேவ் எ நைஸ் ஷர்ட்."

உங்கள் முகம் அப்படி மலர்ந்தது. "ஐ ஹேவ் எ நைஸ் ஷர்ட்" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டே உள்ளே போனீர்கள். அன்று ஹோட்டலிலிருந்து ஆறு பேர் வருவதாக இருந்தது. நீங்களும் சந்தோஷமாக இருந்தீர்கள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கினேன். அதற்கு மறுநாள் அந்தத் தயக்கம் இன்னும் பெரிதாகிவிட்டது. நீங்கள் தினமும் கேட்டீர்கள். நான் தினமும் ஏதோ ஒன்றைச் சொன்னேன். தலை நன்றாக வாரியிருக்கிறது, பெல்ட் நன்றாக இருக்கிறது.

கூட வேலை செய்கிறவர்களுக்குப் பார்வை இல்லை. தங்கியிருந்த அறையிலும் நீங்கள் தனியாள். வருகிறவர்கள் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். வெளியே போனால் நீங்கள் கண்ணாடி போட்டுக்கொள்வீர்கள். முதலாளி அந்தச் சமயம் ஊரில் இல்லை. பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் அண்ணே. தெரிந்துதான் இருந்தேன்.

அடுத்த வார வெள்ளிக்கிழமைதான் வாய் திறந்தது. "அண்ணே, யூ ஹேவ்..." அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. "கண்ணு மஞ்சளா இருக்குண்ணே."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தன நாளா?"

"இன்னைக்குத்தான் பாத்தேன்."

தலையாட்டினீர்கள். "அதான் சாப்பாடு இறங்க மாட்டேங்குது போல. சொன்னீங்களே, அது போதும்மா" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில், கணையத்தில் கட்டி, மாதக்கணக்காக வளர்ந்திருக்கிறது, இனிமேல் வலியைக் குறைக்கத்தான் முடியும் என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அப்படியென்றால் சின்ன வித்தியாசம் எவ்வளவு என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது கேட்கவும் வழியில்லை, அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார்.

வார்டில் ஒருநாள் நர்ஸ் வந்தபோது நீங்கள் தலையைத் தூக்கி, "சிஸ்டர், ஐ ஹேவ் பெயின்" என்றீர்கள். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "சரியா சொன்னேனாம்மா?" என்று கேட்டீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். அதற்கு மேல் செய்ய என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. போர்வையை இழுத்து விட்டேன்.

காரியத்தன்று சாலாக் செலாத்தானிலிருந்து வந்த உங்கள் தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லித்தான் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே போச்சு. உங்க கண்ணத்தான் நம்பியிருந்துச்சு." நான் தலையைக் குனிந்து அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இந்தத் தீபாவளிக்கு எனக்கென்று ஒரு டப்பா முறுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இன்னும் திறக்கவில்லை.

கடையில் உங்கள் மசாஜ் கட்டிலுக்கு இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானாகத்தான் தினமும் கூப்பிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்து, காலர் மடிந்திருக்கிறது, நகத்தில் அழுக்கு இருக்கிறது என்று சொல்கிறேன். "இந்த அக்கா ஒரு மாதிரி லா" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாராம். சிரிக்கட்டும்.

அத்தனை காலையும் நீங்கள் இங்கிலீஷில் கேட்டீர்கள், நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். தமிழில் கேட்டது "எத்தன நாளா?" என்ற அந்த ஒன்றுதான். அதற்கு மட்டும் பொய் சொன்னேன். உங்கள் தங்கையிடம் சொல்ல முடியவில்லை, முதலாளியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. கேட்டவர் நீங்கள், உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

பதினோரு நாள், அண்ணே.