நடுக்கோடு நின்ற இடம்

நாகமலை புதுக்கோட்டை
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நானும் உங்கள் மகள் யாழிசையும் நலம். காய்ச்சல் விட்டபிறகு நன்றாகச் சாப்பிடுகிறாள். வாட்ஸப்பில் கேட்டால் நீலக்குறியோடு நின்றுவிடுவீர்கள், போனில் கேட்டால் மீட்டிங் என்பீர்கள். அதனால்தான் மெயில்.

நேற்று அம்மாவோடு பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். வாசலில் யாரோ வீட்டுக் காதணி விழா ஃப்ளெக்ஸ். அதில் இருந்தது என் எழுத்து, மாமா. அந்தக்காலத்து சோடாக்கடைப் பலகை மாதிரி கொழுகொழுவென்று, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் வெள்ளையாய் ஒரு நடுக்கோடு ஓடுமே, கம்ப்யூட்டரில் நான் மாசக்கணக்காய் வரைந்தது, அதேதான். 'விழா'வில் ழா-வின் சுழிக்குள் கோடு பாதியில் நிற்கிறது. அன்றைக்குப் பிள்ளை அழுதாள் என்று முடிக்காமலே உங்களுக்கு அனுப்பினேன். வேறு யாரிடமும் அந்த ஃபைல் இல்லை.

யாருக்குக் கொடுத்தீர்கள்? ஆணா, பெண்ணா? "ஃப்ளெக்ஸ்காரன் எதையாச்சும் பாத்துப் போட்டிருப்பான், வாடி" என்கிறார் அம்மா. எனக்கு மனசு ஆறவில்லை.

அஸ்வினி


சென்னை
10.6.2025

அன்பு அஸ்வினிக்கு,

பிள்ளைக்கு முத்தம். எதையும் பெரிசாக்காதே. ஆபீசில் விக்ரம் என் கம்ப்யூட்டரைத் திறப்பான், அவன்தான் யாருக்காவது அனுப்பியிருப்பான். விசாரிக்கிறேன். வேலை தலைக்குமேல் கிடக்கிறது. ஆடி முடியட்டும், லீவு கேட்கிறேன்.

பிள்ளை தலையில் துண்டைப் போட்டுத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் பரவைக்கெல்லாம் இனி அலையாதே.

உன் மாமா,
சூரியபிரகாஷ்


நாகமலை புதுக்கோட்டை
14.6.2025

மாமா,

பிள்ளையும் வந்தாள் என்றோ, தலையில் துண்டு போட்டேன் என்றோ நான் எழுதவில்லையே. எங்களை அங்கே பார்த்தீர்களா?

மறுபடி போனேன். ஃப்ளெக்ஸின் அடியில் பொடியாய்க் கடை நம்பர் இருந்தது. பக்கத்து வீட்டு முருகம்மாள் போனை வாங்கிப் போட்டேன். "சொல்லுங்கக்கா, எத்தனைக்கு எத்தனை வேணும்?" கட்டிய பெண்டாட்டியை அக்கா என்கிறது உங்கள் குரல். வைத்துவிட்டேன்.

மறுநாள் எடுத்தவர் கடைக்காரர் பேயாண்டி அண்ணன். "அந்தத் தம்பியாம்மா? மெட்ராஸ்ல வேலை போயிருச்சு. சித்திரையிலருந்து இங்க பரவையில நம்ம கடையிலதான் டிசைனு, படுக்கையும் இங்கனதான். வீட்டுல சொல்லக் கூச்சப்படுறாப்ள."

வேறொருத்தி இருந்தால் எப்படிச் சண்டை போடுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வேலை போனதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் பிள்ளை காய்ச்சலில் அனத்தியபோது போனில் அழுதேனே, அப்போது பரவையில் உட்கார்ந்துகொண்டுதானே லீவு இல்லை என்றீர்கள்? ஆட்டோவில் அரைமணி நேரம், மாமா.

ஆவணியில் இவளுக்குக் காது குத்து. எட்டுக்குப் பத்து ஃப்ளெக்ஸ் ஒன்று, என் எழுத்திலேயே. ழா-வை அப்படியே விடுங்கள், இப்போதைக்கு அதை முடிக்க எனக்குக் கை வராது. தாய்மாமன் படம் இத்தோடு இருக்கிறது. இவள் அப்பா படத்துக்கும் இடம் விடுங்கள்.

கட்டுவதற்கு ஆள் அனுப்பவேண்டாம். நீங்களே கொண்டுவந்து கட்டுவதாக இருந்தால் அங்கே உங்கள் படத்தைப் போடுங்கள். இல்லையென்றால் சாமி படம் போடுங்கள்.

அஸ்வினி