வெங்கிட்டு என் பெயரில் கொடுத்த வாக்கு

3-9-1961

இன்று முதல் கூட்டம். முனிசிபல் தேர்தலுக்கு நிற்கும் சிவசங்கரனாகிய நான், மேடையேறிச் சொந்தப் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். "சி... சி..." முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். மைக்கைப் பிடுங்கி மீதியைச் சொன்னது என் மனைவி காமாக்ஷியின் தம்பி வெங்கிட்டு. வக்கீல் குமாஸ்தா, வாய்க்குக் கேட்க வேண்டுமா?

மிளகுத் தரகில் இந்த வாய் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலை அழுத்தினால் விலை. பதிலுக்கு அழுத்தினால் பேரம் முடிந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் அதை யாரும் மாற்ற மாட்டார்கள். அந்த நாணயத்தைப் பார்த்துத்தான் பஜார்க்காரர்கள் என்னை நிற்கச் சொன்னார்கள். பேசவும் வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே!

"ஏன்னா, வெங்கிட்டுவே பேசட்டுமே. நீங்க கும்பிட்டுண்டு நின்னா போறும்" என்கிறாள் காமாக்ஷி.

7-9

கும்பிட்டுக்கொண்டு நின்றேன். துவாரபாலகனுக்காவது கையில் கதாயுதம் உண்டு.

10-9

மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் குடிசை போட்டிருக்கும் சுமைக்காரர்களிடம் இன்று கூட்டம். எல்லாம் மதுரைப் பக்கத்து ஜனங்கள். இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கிட்டங்கி முதலாளி. மாதக் கடைசிக்குள் ஒப்புக்கொண்டால் சுள்ளிக்கல்லில் மாற்று இடம் தருவதாகப் பேச்சு. இந்த வெங்கிட்டு எழுந்து, "சாமி ஜெயிச்சா இந்த மண்ணு உங்களுக்கே!" என்கிறான். அது முதலாளியின் சொந்த நிலம்! முனிசிபாலிட்டி எப்படி எடுத்துக் கொடுக்கும்?

"இ... இ..." என்று முன்னால் போனேன். "பாருங்கோ, உணர்ச்சியிலே சாமிக்கு நாக்கே எழும்பல்லே!" என்று தோளை அணைத்துக்கொண்டான். ஒரே கைதட்டல்.

அதோடு போயிற்றா? மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டி, தினமும் தரகர்களைப் பார்க்கிறவன், என் துண்டுக்கு அடியில் கைவிட்டு அழுத்தினான். பழக்கம் — நானும் திருப்பி அழுத்திவிட்டேன். ஐயோ, அழுத்திவிட்டேனே! என்ன புத்தி எனக்கு?

"கை குடுத்துட்டாரு சாமி. இனி பேச்சே இல்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

21-9

சங்கிலிப்பாண்டியின் பெண்டாட்டி ஒச்சம்மாள், சுள்ளிக்கல் இடம் வேண்டாமென்று முதலாளியின் ஆளிடம் சொல்லிவிட்டாளாம். மற்றவர்களும் அப்படியே. என்னை நம்பி! வெங்கிட்டுவிடம் கத்தினேன் — கத்தப் பார்த்தேன். "ஓட்டு விழட்டும் அத்திம்பேர், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சாயாவை உறிஞ்சுகிறான்.

25-9

கடைசிக் கூட்டம், சுமைக்காரர்களின் குடிசைப் பக்கத்திலேயே. மைக்கை நானே பிடித்துக்கொண்டேன். அந்த நிலத்தைத் தர எனக்கு அதிகாரமில்லை, கையை அழுத்தியது தப்பு, சுள்ளிக்கல்லை விடாதீர்கள் — இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. ஊளையிட்டார்கள். ஆளாளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள், எல்லாம் தப்பும் தவறுமாக. நான் விடவில்லை. சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது.

"கை குடுத்த சாமியா இது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான் சங்கிலிப்பாண்டி. அந்தக் கேள்விக்குத் திக்குவாய் இல்லாதவனும் திக்கியிருப்பான்.

4-10

தோற்றேன். காமாக்ஷி அழுகிறாள். வெங்கிட்டு வீட்டுப் பக்கமே வரவில்லை.

19-11

ஒச்சம்மாள் வந்திருந்தாள். என் பேச்சைக் கேட்டு முதலாளியிடம் திரும்பிப் போனபோது, சுள்ளிக்கல்லில் நல்ல இடத்தையெல்லாம் வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். இவர்களுக்குக் கிடைத்தது சதுப்பு ஓரம். தண்ணீர்க் குழாய் கிடையாது. முனிசிபல் ஆபீஸில் யாராவது வந்து பேச வேண்டும் என்றாள்.

வெங்கிட்டுவை அனுப்பட்டுமா என்று கேட்டேன். கேட்டு முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவள் வார்த்தை எடுத்துக் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு வேணாம் சாமி. நீங்க வாங்க. நேரமானா ஆகட்டும்."

நாளைக் காலை போகிறேன். இப்போதே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.