யாழியின் தாகம்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து தூறல். கர்நாடகப் பக்கமிருந்து குளிர் காற்று. யாழியின் சீருடை காயவில்லை, இஸ்திரிப் பெட்டி வைத்தே காய வைத்தேன்.

மாலை பள்ளியிலிருந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீர்ப் பானையிடம் போனாள். ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. பள்ளி திறந்த இரண்டு வாரமாக இப்படித்தான். வெள்ளி இரவு மூன்று முறை பாத்ரூம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு தாகம்.

இவரிடம் சொன்னேன். "மாங்காய்க்கு உப்பும் மொளகாத்தூளும் தொட்டுத் தின்னுக்கினே இருக்கா. தாகம் எடுக்காதா?" டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

எனக்கு அப்பா ஞாபகம். அவருக்கும் தாகத்தில்தான் ஆரம்பம். பிறகு கண். பிறகு கால் விரல். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அண்ணனுக்கு முப்பத்தைந்திலேயே மாத்திரை, இப்போது ஊசி. எனக்கு முப்பத்தெட்டு. இதுவரை ஒருமுறைகூடச் சர்க்கரை எடுத்துப் பார்த்ததில்லை. பயம்தான், வேறென்ன.

ஜூன் 17, செவ்வாய்

கம்பெனியில் ஏ ஷிப்ட், காலை வேலை. வேலை ஓடவில்லை. சோதனையில் தேறாத பாகம் சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். இரண்டைப் பச்சைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். பக்கத்து மேசை மஞ்சுளா பார்த்து எடுத்தாள். "ஏனாயித்து அக்கா, என்னாச்சு? உடம்பு செரியில்லயா?" ஒன்றுமில்லை என்றேன்.

டீ இடைவேளையில் யாழிக்கு ஒரு நாளில் நான் கொடுப்பதைக் கணக்குப் போட்டேன். காலைப் பாலில் நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன். தோசைக்குத் தேன். பள்ளிக்குப் பாட்டில் நிறைய பழ ஜூஸ், அதிலும் பேரீச்சை அரைத்துவிட்டது. மாலையில் மாம்பழம், ஒன்று இல்லை, இரண்டு. படுக்கும்முன் மறுபடி பால்.

அப்பா போனபின் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இயற்கைதானே, இயற்கைதானே என்று என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். காவேரிப்பட்டினம் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றும் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் தள்ளி வந்து பேசினான்.

"இளைச்சிருக்காளா?"

"தெரியலண்ணா. எனக்கு அப்படித்தான் தெரியுது."

"நாளைக்கே கூட்டிக்கினு போ. உனுக்கு லீவு கெடைக்கலன்னா சொல்லு, நான் பஸ் ஏறி வரேன்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வரேன் என்றான். பிறகு, "நம்ம வீட்டு ரத்தம், செல்வி" என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ராகி மாவு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். சார்ஜ் போட இவருடைய போனை எடுத்தேன். திரையில் 'குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய் அறிகுறிகள்'. நேற்று டிவியைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாரே, அப்போது இதைத்தான் படித்திருக்கிறார். கேட்கவில்லை. நாளை அரை நாள் லீவு சொல்லிவிட்டதாக அவரே சொன்னார்.

ஜூன் 18, புதன்

போய் வந்தாயிற்று. எழுதி வைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் குழந்தை டாக்டர். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இவர் டோக்கனை மடித்து மடித்து நூலாக்கிவிட்டார். டாக்டரம்மா யாழியை எடை பார்த்தார். வயதுக்குச் சரிதான், இளைக்கவில்லை. விரலில் குத்தியபோது யாழி கத்தவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா? நூத்தி நாலு. சர்க்கரை இல்லம்மா."

யூரின் பரிசோதனையும் சுத்தம். எனக்குக் கேட்டது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. "அப்போ ஏன் டாக்டர் இவ்வளவு தண்ணி?" என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் யாழியிடம் குனிந்தார்.

"ஸ்கூல்ல எத்தினி தடவ பாத்ரூம் போவ?"

தலை குனிந்தது. அப்புறம், "போவ மாட்டேன்."

"ஏன் கண்ணு?"

"கதவுக்குத் தாப்பா இல்ல. போன வருசம் நந்தினி புடிச்சிக்குவா. இப்ப அவ பி செக்சன்."

அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லையாம். குடித்தால் வருமே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மொத்தமாகக் குடிக்கிறாள், இரவெல்லாம் எழுந்திருக்கிறாள்.

"அப்போ ஜூஸ்?" என்றேன்.

"அதுவும் தண்ணிதானம்மா. பக்கத்து பெஞ்சுல குடுத்துடுவேன்."

நேற்றெல்லாம் நான் அழுத அழுகை முழுக்க, குழந்தை குடிக்காத ஜூஸுக்கு. இவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பழத்தைப் பழமா குடுங்க, ஜூஸாக்காதீங்க. தேன், நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, எல்லாம் உடம்புக்குச் சர்க்கரைதான்." வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். அப்பா, பெரியப்பா, அண்ணன். "அப்போ எடுத்துப் பாக்க வேண்டியது இவளுக்கு இல்ல, உங்களுக்கு." அங்கேயே லேப் சீட்டு எழுதிவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். பிறகு நேராகப் பள்ளி. தலைமை ஆசிரியை, "யாருமே சொல்லலயேம்மா" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும், யாரிடம் சொல்லும். நானும்தானே கேட்கவில்லை. நாளைக்குள் தாழ்ப்பாள் போடுவதாகச் சொன்னார். எத்தனை கதவு என்று எண்ணிப் பார்த்துவிட்டே வந்தேன். ஐந்து. மூன்றில் இல்லை, இருக்கும் இரண்டும் டீச்சர்களுக்கு.

ராகி மாவு வாங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

என் ரிசல்ட். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 5.9. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. தினம் நடக்க வேண்டும், சோறு குறைக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இத்தனை வருடம் இந்தத் தாளுக்குத்தான் பயந்தேன். கையில் வந்தபின் அது வெறும் தாள். லேப் வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தேன், பசித்தது, இட்லி சாப்பிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். யாழிக்கு ஒன்றுமில்லை என்று புதனே சொல்லியிருந்தும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னான். "ஒண்ணுமில்லண்ணா." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நம்ம வீட்டு ரத்தம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல எனுக்கு." அவன் அழுது நான் கேட்டதில்லை, அப்பா போனபோதுகூட.

தாழ்ப்பாள் போட்டாயிற்றாம். யாழி சொன்னாள். மூன்றுக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஆறரை. வெயில், ஒரு வாரத்தில் முதல் முறை. ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தேன், இவரும் கூட வந்தார். முழங்கால் வலி.

யாழி இன்னும் எழவில்லை. இரவு படுத்தவள் படுத்தபடியே, ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. வாய் திறந்த தூக்கம், ஒரு கால் கட்டிலுக்கு வெளியே. ஆட்டோ வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நான் எழுப்பப் போவதில்லை.