சங்கம் குடிமகன் அல்ல

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து காற்று இல்லை, கொசு மட்டும் தாராளம். வாஷிங் மெஷின் மறுபடி பாதியில் நின்றது. துணியைக் கையால் பிழிந்து போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓட்டம்.

பதில் வந்துவிட்டது. எங்கள் அரசு அரிசிக் குடோனில் எல்லோருக்கும் நெஞ்சுப் பரிசோதனை முகாம் நடந்தது போன மழைக்காலத்தில். ரிப்போர்ட் ஒருவர் கைக்கும் வரவில்லை. கேட்டால் வாய்வார்த்தையாக "எல்லாம் நார்மல்". அதனால்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. எங்கள் ஊழியர் சங்கத்தின் லெட்டர்பேடு, செயலாளர் என்று என் கையெழுத்து, புதிதாகச் செய்த ரப்பர் ஸ்டாம்பு. பெருமை தாங்காமல் இரண்டு இடத்தில் குத்தினேன்.

வந்தது நாலே வரி. தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு மட்டுமே. சங்கம் குடிமகன் அல்ல. மேலும், பிறருடைய உடல்நல விவரம் தனிப்பட்டது. நிராகரிக்கப்படுகிறது.

கையெழுத்து எங்கள் கண்காணிப்பாளர். (இனி க. எழுதிக் கை வலிக்கிறது.) அவரே மேலதிகாரி, அவரே தகவல் அலுவலர். அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஜூன் 4, புதன்

மதியம் ஷெட் நிழலில் எல்லோரும் டப்பாவைத் திறந்ததும் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

லோகநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார். திருமழிசைக்காரர். குடும்ப நிலத்தில் கம்பெனி ஷெட் வந்தபிறகு இங்கே மூட்டை தூக்க வந்தவர். மூட்டை அடுக்குக்குப் பூச்சி மருந்து மாத்திரை வைத்துத் தார்ப்பாய் மூடும் வேலைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னாக்கா, சங்கம் குடிமகன் இல்லியாமா? சாயங்காலமானா நம்ம ஆளுங்க பாதி பேரு குடிமகன்தானே."

ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகித் தூணைப் பிடித்துக்கொண்டார். இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. யாரும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சங்கம் கேட்கக் கூடாது, சரி. குடிமகன் கேட்கலாம் அல்லவா? அவரவர் பேரில், அவரவர் ரிப்போர்ட்டை. பிறர் விவரம் என்று அப்போது தட்டிக்கழிக்க முடியாது. வழியை க.வே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கூட்டிப் பெருக்கும் அமுதா மெதுவாக, "பேரு போட்டா வேற குடோனுக்கு மாத்திடுவாங்கக்கா. எனுக்கு இன்னும் பெர்மனென்ட் ஆவல" என்றாள். அவள் பயம் நியாயம். சங்கம் என்ற பேருக்குப் பின்னால் நிற்பது வேறு, சொந்தப் பேரைக் கொண்டுபோய் க. மேஜையில் வைப்பது வேறு.

லோகு: "மாத்தட்டும்மே. எங்க மாத்துனாலும் இந்த நெஞ்சத் தூக்கினுதானே போவணும்?"

ஜூன் 5, வியாழன்

அரை நாள் லீவு. பூந்தமல்லி: கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. கரையான்சாவடி: ஜெராக்ஸ். முருங்கைக்காய். மெஷின்காரருக்கு போன் (எடுக்கவில்லை).

ஸ்டாம்பு விற்பவர்: "இத்தினி எதுக்கும்மா, ஊரே கேஸ் போடுதா?"

வீட்டில் இவர்: "உனக்கு இருமலா, சளியா? ஆபீஸ் வேலை பாக்குறவ, எதுக்கு முன்னால போய் நிக்கிற?" சாம்பாரில் உப்பு இல்லை என்று அடுத்த குறை. வேண்டுமென்றே போடாமல் விட்டதாக நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 6, வெள்ளி

வரிசையாக நின்றோம். ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு ஸ்டாம்பு, ஆளுக்கொரு ஒப்புகைச் சீட்டு. க. முகம் போன போக்கு!

"ஏம்மா, எல்லாத்தையும் சங்கம் மூலமா மொத்தமா குடுத்துடுங்களேன். எனக்கும் சுலபம்."

"சங்கம் குடிமகன் இல்லையே சார்" என்றேன். பின்னால் யாரோ செருமினார்கள்.

கடைசியில் அமுதா. வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, தன் அப்பா பேரும் சேர்த்திருந்தாள். சீட்டு வாங்காமல் நகரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மழை. குடோன் வாசலில் கணுக்கால் தண்ணீர். மெஷின் சரியாயிற்று.

க. தனியாகக் கூப்பிட்டார். டீ வேறு. டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் நெஞ்சுப் பரிசோதனை ரிப்போர்ட்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல மேடம், கிளீனா இருக்கு. மனுவ வாபஸ் வாங்கிடுங்க. மத்தவங்களும் அடங்கிடுவாங்க."

"லோகநாதனுக்கு?"

ஃபேனைப் பார்த்தார். "அது தனிப்பட்ட விவரம்."

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல க.வுக்கு வாய் வந்தது, லோகுவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. தாளைத் திருப்பி வைத்தேன். எல்லோருக்கும் கொடுக்கும்போது எனக்கும் கொடுங்கள் என்று வந்துவிட்டேன். டீயைக் குடிக்கவில்லை. இதை லோகுவிடம் சொல்லலாமா? என் ஊகத்தை வைத்து அவர் தூக்கத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். "நார்மல்னு சொல்லிட்டாங்களேக்கா" என்றார்.

ஜூலை 2, புதன்

கெடு முடியும் தறுவாயில் க. கொடுத்தார். ஆளுக்கொரு உறை.

அமுதாவுக்கு ஒன்றுமில்லை. இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். லோகு தன் உறையை என்னிடமே நீட்டினார்.

"மறுபரிசோதனை அவசியம். தூசி, பூச்சி மருந்து உள்ள இடத்தில் பணியமர்த்தக் கூடாது." கீழே முகாம் டாக்டர் கையெழுத்து, முகாம் நடந்த தேதி. அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த முத்திரையும் அதே வாரம்.

அந்த வாரத்திலிருந்து நேற்றுவரை எத்தனை தடவை தார்ப்பாய்க்குள் அனுப்பினார்கள் இந்த மனிதரை! முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஊட்ல சொல்லாதக்கா. நானே சொல்லிக்கிறேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை. வீட்டுக்கு வந்ததும் கோபம். கோபமே மேல். நாளைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த மனு: அந்தத் தாளை யார் யார் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன எழுதினார்கள். இவரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "மனுவ நான் டைப் பண்ணித் தரேன்" என்றார்.

ஜூலை 3, வியாழன்

வெயில். லீவு கடிதத்தோடு சீக்கிரமே போனேன். போர்டில் இன்றைய வேலைப் பட்டியல்: மூன்றாம் ஷெட், மருந்து வைத்தல். முதல் பெயர் லோகநாதன். அந்தத் தாளை நேற்றுத் தன் கையாலேயே கொடுத்தவர் போட்ட பட்டியல்.

லோகு ஷெட்டுக்குள் போகவில்லை. வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவர். பிறகு மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும். அமுதா விளக்குமாறோடு வந்து உட்கார்ந்தாள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில்.

க. வேகமாக வந்தார். "என்ன இது, ஸ்டிரைக்கா? நோட்டீஸ் குடுத்தீங்களா? சங்கம் சொல்லுச்சா?"

லோகு எழுந்திருக்கவில்லை.

"இல்ல சார். மூச்சு வாங்கிகினு கீறோம்."